காட்டில் கூப்பிடாத பெயர்

இராசிபுரம்
3 பிப்ரவரி 2025

திரு. வேல்முருகன்,

‘அன்புள்ள’ என்று தொடங்க எனக்கு மனம் வரவில்லை. நலமா என்று கேட்கவும் வரவில்லை. நான் கோகிலவாணி. போன கார்த்திகையில் புளியஞ்சோலையிலிருந்து மலைக்கு ஒரு கூட்டத்தை நடத்திக் கூட்டிப் போனீர்களே, அதில் ஒருவரை மட்டும் நடத்திக் கொண்டுவந்து சேர்க்கவில்லையே, அவருடைய மனைவி.

உங்கள் போனுக்கு எத்தனையோ முறை அடித்துப் பார்த்துவிட்டேன். அணைத்து வைத்திருக்கிறீர்கள். என்னைப் போலப் பலர் கூப்பிட்டுத் திட்டியிருப்பார்கள், அதனால்தான் என்று அசோக் சொன்னான். உங்களோடு வந்த சேலத்துப் பையன் அசோக்தான். அவன்தான் இந்த முகவரியையும் கொடுத்தான்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இராசிபுரத்தில் மருந்துக்கடை. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே ஸ்டூலில் உட்கார்ந்து மாத்திரை எடுத்துக் கொடுத்த மனிதர். சர்க்கரை வந்தது. நடக்கச் சொன்னார் டாக்டர். நடக்கப் போன இடத்தில் பறவை பார்க்கிற பித்துப் பிடித்தது. கல்லாவில் உட்கார்ந்துகொண்டே வெளியே மரத்தில் கத்துவது எது என்று எங்களுக்குப் பரீட்சை வைப்பார். மலைக்கு மூன்று நாள் போகிறேன் என்று சின்னப்பிள்ளை மாதிரி சொன்னபோது நான்தான் போய் வாருங்கள் என்றேன். புது ஷூ கடிக்கக்கூடாது என்று ஒரு வாரம் வீட்டுக்குள்ளேயே அதைப் போட்டுக்கொண்டு நடந்தார். நானும் என் மகள் இளமதியும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப் போனோம்.

போன வாரம் அசோக் துக்கம் கேட்க வந்தான். போகும்போது வாசலில் நின்றுகொண்டு ஒன்றைச் சொன்னான். இரண்டாம் நாள் சாயங்காலம் அவரைக் காணவில்லை என்று தெரிந்ததும் இவர்கள் எல்லோரும் அவர் பெயரைச் சொல்லிக் கத்த வாயெடுத்தார்களாம். நீங்கள் ஓடி வந்து அசோக்கின் வாயைப் பொத்தினீர்களாம். “பேரச் சொல்லாதீங்க சார், உங்க கால்ல உழுகறேன், பேரச் சொல்லாதீங்க” என்று கும்பிட்டீர்களாம். அதற்குப் பிறகு யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவே இல்லையாம்.

எனக்கு ஒரே கேள்வி. ஏன்?

கடையில் எத்தனை பேர் நின்றாலும், தெருவில் லாரி போனாலும், தன் பெயர் காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்கிற மனிதர் அவர். நீங்கள் விட்டிருந்தால் திரும்பியிருப்பார். இதற்குப் பதில் எழுதுங்கள். போனில் வேண்டாம், உங்கள் குரலைக் கேட்டால் நான் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

கோகிலவாணி


பெரக்கரை நாடு, கொல்லிமலை
19 பிப்ரவரி 2025

அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாமா என்று தெரியவில்லை. முதலில் ‘மேடம்’ என்று எழுதினேன். மலைக்கு ஆள் அனுப்புகிற டூர் கம்பெனிக்குப் பதில் எழுதுவது மாதிரி இருந்தது, கிழித்துவிட்டேன். தப்பென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. என் வீட்டுக்காரி அத்தாயி தினமும் “எழுதிட்டீங்களா?” என்று கேட்கிறாள். பகலில் மிளகு பறிக்கப் போகிறேன். இப்போது யாரையும் மலைக்குக் கூட்டிப் போவதில்லை. இனியும் போவதாக இல்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். எங்கள் ஊரைத் தாண்டியதும் எல்லைக்கல் இருக்கிறது. அதற்கு அந்தப்புறம் காடு. அங்கே போனால் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டோம். கூப்பிட்டால் காடு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளும், ஆளைத் திருப்பித் தராது என்பார்கள். தேனெடுக்கப் போனாலும் மாடு தேடப் போனாலும் கூவத்தான் செய்வோம். கூவலைக் கேட்டவர் திருப்பிக் கூவ வேண்டும். கூவலை வைத்தே இன்னார் இன்ன இடத்தில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பெற்ற பிள்ளை தொலைந்தாலும் தாய் கூவித்தான் தேடுவாள்.

இதை நம்புகிறாயா என்று கேட்பீர்கள். நாமக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் பிளஸ் டூ படித்தபோது நானும் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறேன். ஆனால் ஓர் ஆளைக் காணோம் என்று ஆனதும் நம்பிக்கை எது பயம் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. அசோக் தம்பி அவர் பெயரைச் சொல்லிக் கத்த வாயெடுத்தபோது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவர் திரும்பி வர வேண்டும் என்றுதான் வாயைப் பொத்தினேன். வேறு எதற்காகவும் இல்லை அக்கா.

முன்பெல்லாம் புளியஞ்சோலை ஓடைக்கரையிலேயே எல்லோரையும் நிற்க வைத்து இதைச் சொல்லுவேன். ஒருமுறை கூவிக் காட்டி, அவர்களையும் கூவச் சொல்லுவேன். ஒரே சிரிப்பாக இருக்கும். போன வருஷம் ஓர் அம்மா, வழிகாட்டி பேய்க்கதை சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறான் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டார்கள். இனிமேல் இதெல்லாம் பேசக்கூடாது என்று கம்பெனியில் சொன்னார்கள். அதோடு விட்டுவிட்டேன். அன்றைக்கும் சொல்லவில்லை.

மணிவண்ணன் சாரை எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிருந்தது. இரண்டாம் நாள் மதியம் ஊருக்குள் சுகுணா அத்தை வீட்டில் சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் சாப்பிட்டோம். மறுபடியும் சோறு வாங்கிக்கொண்டு, “எங்கூட்ல சொல்லிராதீங்க, சுகரு” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அதற்கப்புறம் அடுத்த ஊருக்குப் போகிற வழி கீழே இறங்கி ஓடையைத் தாண்டும். அந்த இடத்தில் தடம் இரண்டாகப் பிரியும். கூட வந்த ஒரு பெண்ணுக்குக் கால் பிசகிவிட்டது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் நடந்தேன். கூட்டத்துக்குப் பின்னால் பார்த்துவர வேறு வழிகாட்டி யாரும் இல்லை. சார் ஏதோ பறவையைப் பார்த்து நின்றிருக்க வேண்டும். மேடேறி மொட்டைப்பாறைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோதுதான் அவர் இல்லை என்று தெரிந்தது.

பாறை மேல் நின்று கூவினேன். எதிர்ச்சரிவில் மிளகுத் தோட்டத்தில் இருந்த என் மச்சினன் குப்புசாமி கேட்டுவிட்டுத் திருப்பிக் கூவினான், ஓடி வந்தான். ஊரே வந்தது. விடிந்தபிறகு ஓடைக்குக் கீழே பாறைச் சந்தில் அவரைக் கண்டோம். இருட்டில் கால் வழுக்கியிருக்கிறது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும்.

எங்கள் கூவல் கேட்காத தூரத்துக்கு அவர் போய்விட்டார் என்றுதான் நினைக்கிறேன். கேட்டிருந்தால் ஏதாவது ஒரு சத்தம் கொடுத்திருப்பார். கேட்காத தூரத்தில் இருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் கேட்டிருக்காது. எனக்கு இருக்கிற ஆறுதல் இது ஒன்றுதான். இதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்கிறேன்.

வேல்முருகன்


இராசிபுரம்
27 பிப்ரவரி 2025

வேல்முருகன்,

உங்கள் கடிதம் கிடைத்தது. அதைப் பற்றி இப்போது எதுவும் எழுதப் போவதில்லை.

அந்தக் கூவல் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். எத்தனை தடவை, எவ்வளவு நீளம், நடுவில் நிறுத்துவீர்களா, உங்கள் மச்சினன் கூவியதும் அதே மாதிரிதானா என்று விவரமாக எழுதுங்கள். காரணம் கேட்க வேண்டாம்.

கோகிலவாணி


பெரக்கரை நாடு
10 மார்ச் 2025

அக்காவுக்கு,

கூவலை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ‘ஊ’ என்று எழுதிப் பார்த்தேன், ‘ஹூ’ என்று எழுதிப் பார்த்தேன். அத்தாயி எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, காயிதத்துல கூவுனா ராசிபுரத்துக்குக் கேக்குமா?” என்றாள். ரொம்ப நாள் கழித்து வீட்டில் ஒரு சிரிப்புச் சத்தம். அடுத்த நிமிஷமே இரண்டு பேருக்கும் ஒரு மாதிரியாகிவிட்டது.

வாயால் கத்துவதில்லை. இரண்டு கையையும் குவித்து, கட்டைவிரல் சந்தில் வாயை வைத்து ஊதுவோம். நீளமாக இரண்டு, கொஞ்சம் நிறுத்தி, குட்டையாக ஒன்று. அந்தக் கடைசிக் கூவல் கீழே இறங்கி முடியும். கேட்டவரும் அதே மாதிரி திருப்பி ஊதுவார். குப்புசாமிக்குக் கை பெரிது, அவன் கூவல் கனமாகக் கேட்கும். மனுஷக் குரல் மாதிரியே இருக்காது. கோட்டான் கத்துகிறது என்று டவுன்காரர்கள் எங்களைக் கிண்டல் பண்ணுவார்கள்.

ஏன் என்று கேட்கக்கூடாது என்றீர்கள். கேட்கவில்லை. ஆனால் எதற்காக இருக்கும் என்று அத்தாயியும் நானும் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறோம்.

மரவள்ளிக்கிழங்கு பிடுங்குகிற சமயம். உங்கள் ஊர்ப்பக்கம் லாரி வந்தால் ஒரு மூட்டை கொடுத்துவிடலாம் என்று அத்தாயி சொல்கிறாள். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். எந்த முகத்தோடு கொடுத்துவிடுவது?

வேல்முருகன்


இராசிபுரம்
21 ஏப்ரல் 2025

தம்பி வேல்முருகனுக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் இந்தக் கடிதத்தை எழுதலாமா வேண்டாமா என்று எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். முதலில், உங்களைக் குத்த வேண்டும் என்றே எழுத உட்கார்ந்தேன். அப்புறம், எழுதவே வேண்டாம், அந்த மனிதனிடம் இருக்கிற ஒரே ஆறுதலையும் பிடுங்கி நமக்கு என்ன ஆகப் போகிறது என்று விட்டுவிட்டேன். ஆனால் இதை நான் ஒருத்தியாகச் சுமக்க முடியவில்லை. மகளிடமும் சொல்ல முடியாது. உலகத்தில் இதைச் சொல்வதற்கு எனக்கு உங்களை விட்டால் ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். அத்தாயியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்தில் எனக்கு அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு குரல் வந்தது. நான் கடையில் இருந்தேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு அது மனப்பாடம்.

“வாணி, இதக் கேளு. கூகைன்னு நெனைக்கறேன், நம்ம பக்கம் கேட்டதே இல்ல. இங்க ஒண்ணு கூவுனா அங்கிருந்து ஒண்ணு பதில் சொல்லுது பாரு. சோடி போல இருக்குது. இளமதிக்கும் அனுப்பு. நான் கொஞ்சம் பின்தங்கிட்டேன், இவங்கெல்லாம் முன்னாடி போயிட்டாங்க. வந்துருவாங்க. நீ பயந்துக்காத, இரு, கேளு.”

அப்புறம் அவர் பேசவில்லை. மூச்சு வாங்குகிற சத்தம். ஓடைச் சத்தம். அதற்கு மேலே நீளமாக இரண்டு, நிறுத்தி, குட்டையாக ஒன்று. கொஞ்சம் கழித்துத் தூரத்திலிருந்து அதே மாதிரி, இன்னும் கனமாக.

உங்கள் முதல் கடிதத்தைப் படித்ததுமே எனக்கு அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. சந்தேகமாக இருக்கட்டும், சந்தேகமாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டுதான் உங்களிடம் விவரம் கேட்டேன். நீங்கள் ஒன்றுவிடாமல் எழுதிவிட்டீர்கள்.

நீங்கள் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அவர் நீங்கள் கூப்பிடுவதை ஆசை ஆசையாகப் பதிவு செய்து எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பறவை பயந்து பறந்துவிடக்கூடாது என்று சத்தம் காட்டாமல் நின்றிருப்பார். எனக்கு அவரைத் தெரியும்.

நான் என்ன பதில் அனுப்பினேன் தெரியுமா? ‘நல்லா இருக்குதுங்க. ஸ்வெட்டர் போட்டுக்கோங்க.’ கடையில் ஆள் நின்றதால் அவசரமாகத் தட்டினேன். அதற்கு ஒற்றை டிக்தான் விழுந்தது. இன்றுவரை ஒற்றை டிக்தான்.

இளமதி கோயம்புத்தூரில் படிக்கிறாள். அப்பா கடைசியாகக் கேட்ட பறவை என்று சொல்லி அந்தச் சத்தத்தை மட்டும் வெட்டியெடுத்துத் தன் போனுக்கு ரிங்டோனாக வைத்திருக்கிறாள். அவளுக்கு அது பறவையாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்கு ஒன்று வேண்டும். அவர் நடந்த வழியில், புளியஞ்சோலையிலிருந்தே, என்னை நடத்திக் கூட்டிப் போங்கள். அந்தப் பாறை மேல் நின்று நான் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அன்றைக்கு யாரும் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டுவிட்டு வருகிறேன். இந்தத் தடவை நீங்கள் யார் வாயையும் பொத்தக்கூடாது.

கோகிலவாணி


பெரக்கரை நாடு
2 ஜூன் 2025

அக்கா,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். நீங்கள் சொன்னபடி அத்தாயியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தேன். பாதிக்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. அவள்தான் படித்தாள். அவளும் நடுவில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தாள்.

எழுதாமல் விட்டிருக்கலாமே என்று முதலில் உங்கள் மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வந்தது. அப்புறம், அந்தக் குரலை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி இத்தனை மாதம் சோறு பொங்கினீர்கள் என்று நினைத்தபோது கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அந்தச் சரிவில் டவர் கிடைக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான். ஓடைக்கு மேலே ஒரு பலா மரத்தடி. நாங்களும் அங்கே நின்றுதான் போன் பேசுவோம். சார் அங்கிருந்துதான் உங்களுக்கு அனுப்பியிருக்க வேண்டும். நடுவில் புதர் மறைப்பதால் பாறையில் நிற்பவருக்கு மரத்தடி தெரியாது. இருட்டியதும் அவர் எங்களைத் தேடி ஓடைப் பக்கம் இறங்கியிருக்கிறார். போன வாரம் நான் அங்கே போய் நின்றேன். குப்புசாமியை மொட்டைப்பாறையில் நின்று கூவச் சொன்னேன். நன்றாகக் கேட்டது. சும்மா பேச்சுக் கொடுத்துக் கத்தச் சொன்னேன். “மழ வருது, ஊட்டுக்குப் போலாமா?” என்று கத்தினான். அதுவும் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டது. இதையும் மறைக்காமல் உங்களுக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. கூப்பிடு தூரம்தான் அக்கா. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும்.

இதற்கு மேல் என்னை நீங்கள் என்ன சொன்னாலும் தகும்.

ஊரில் ஒன்று கேட்டேன். இருக்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடாது, சரி, இறந்துபோனவரைக் கூப்பிடலாமா என்று. கோயில் பூசாரியிலிருந்து எல்லோரையும் கேட்டுவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம்.

நீங்கள் வாருங்கள். ஆடி மழைக்கு முன்னால் வந்துவிடுங்கள், அப்புறம் பாறையெல்லாம் வழுக்கும். பஸ்ஸில் ஏறி வளைவெல்லாம் சுற்றிச் செம்மேட்டில் இறங்கினால் சுலபம். ஆனால் உங்களுக்கு அவர் வந்த வழிதான் வேண்டும் என்றால் அந்த வழியிலேயே போவோம். மெதுவாக நடக்கலாம். நான் முன்னால் நடக்கிறேன். அத்தாயி உங்களுக்குப் பின்னால் நடப்பாள். பின்னால் ஓர் ஆள் கட்டாயம் இருப்பார்.

நான் யார் வாயையும் பொத்தமாட்டேன்.

வேல்முருகன்


இராசிபுரம்
14 ஜூலை 2025

தம்பி வேல்முருகனுக்கும் அத்தாயிக்கும்,

கால் வலி இன்றைக்குத்தான் குறைந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போதெல்லாம் உங்கள் மலைதான் ஞாபகம் வருகிறது. நீங்கள் பஸ் ஏற்றிவிட்டபோது நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். பேச முடியவில்லை.

ஓடைக்கரையில் இறங்கியபோதே நீங்கள் என்னை நிற்க வைத்துக் கூவச் சொன்னீர்கள். என் கையில் காற்றுதான் வந்தது. “உடாதீங்கக்கா, ஊதுங்க” என்று அத்தாயி என் விரலைப் பிடித்து மடக்கி மடக்கிக் காட்டியது. மேலே போய்ச் சேருவதற்குள் எனக்குச் சுமாராக வந்துவிட்டது. அந்த நேரத்தில், அவர் இருந்திருந்தால் இதைப் பார்த்து எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்தேன். நினைத்ததற்காக என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சுகுணா அத்தை வீட்டில் சோறு போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, “அன்னிக்கு ரெண்டாந்தரம் சோறு வாங்கித் தின்னாருங்களே, அவரு ஊட்டம்மாளுங்களா? நல்லா வயிறாரத் தின்னுட்டுத்தான் போனாருங்க” என்றார்கள். என்னிடம் துக்கம் கேட்டவர்களில் எனக்குப் பிடித்த மாதிரி கேட்டது அவர்கள்தான். நானும் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன்.

பாறையில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஏன் அப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எவ்வளவு வீம்பாக வந்தேன்! பெயர் சொல்லிக் கூப்பிட்டே தீருவேன் என்று வந்தேன். எதிரே அந்தப் பலா மரத்தின் தலை மட்டும் தெரிந்தது. நீங்கள் இரண்டு பேரும் தள்ளிப் போய்த் திரும்பி நின்றுகொண்டீர்கள். வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை.

கல்யாணமாகி இருபத்துநாலு வருஷம். நான் அவரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கள் பக்கம் அது வழக்கமில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் இளமதியைச் சொல்ல வைப்பேன். ரேஷன் கடையில் கேட்டால் கார்டை நீட்டுவேன். “அப்பா பேரச் சொல்லும்மா பாக்கலாம்” என்று அவள் சின்ன வயதில் என்னைத் துரத்துவாள். அவர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, “சொன்னா ஆயுசு கொறஞ்சிருமாமா, உங்கம்மாளுக்கு எம்மேல அத்தனை பாசம்” என்று கிண்டல் செய்வார். போன கார்த்திகையில் போலீஸ்காரர் கேட்டபோதுகூட ஆதார் அட்டையைத்தான் நீட்டினேன். உங்களுக்கு எழுதிய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். ஒன்றிலாவது அவர் பெயரை எழுதியிருக்கிறேனா?

ஏன் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை என்று உங்களை உலுக்கினேனே, நான் என்ன கூப்பிட்டேன்? “ஏனுங்க” என்றுதான் வந்தது. நீங்களும் கேட்டிருப்பீர்கள். தொண்டை கிழிய அதைத்தான் கத்தினேன். ஏனுங்க, ஏனுங்க, ஏனுங்க. சமையலறையிலிருந்து கூப்பிடுகிற அதே மாதிரி. அன்றைக்கு அந்தப் பாறையில் உங்கள் இடத்தில் நான் நின்றிருந்தாலும் இதைத்தான் கத்தியிருப்பேன். ஆனால் அது அவருக்குப் புரிந்திருக்கும் தம்பி. கோட்டான் என்று நினைத்திருக்கமாட்டார். அந்த வலி எனக்குப் போகவில்லை. உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. பொய் எழுத வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கோபம் இல்லை என்று மட்டும் எழுத முடிகிறது, அது உண்மை.

இளமதி லீவுக்கு வந்திருக்கிறாள். மலைக்குப் போய் வந்ததை அவளிடம் சொன்னேன், மற்றதைச் சொல்லவில்லை. அவள் போன் அடித்தால் நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறேன். “ஏம்மா எந்திரிச்சு எந்திரிச்சுப் போற?” என்று கேட்கிறாள். துணி காய்ந்ததா என்று பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

மணிவண்ணன். எழுதிவிட்டேன், பாருங்கள். எழுத வருகிறது, சொல்லத்தான் வரமாட்டேன் என்கிறது.

மரவள்ளிக்கிழங்கு மூட்டை பத்திரமாக வந்து சேர்ந்தது. அத்தாயியிடம் சொல்லுங்கள்.

அக்கா கோகிலவாணி


பெரக்கரை நாடு
25 ஜூலை 2025

அக்காவுக்கு,

இங்கே ஆடி மழை பிடித்துக்கொண்டது. சாமை விதைத்திருக்கிறோம். உங்கள் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

நேற்று மழை கொஞ்சம் விட்டது. தோட்டத்திலிருந்து வீட்டுக்கு வராமல் மொட்டைப்பாறைக்குப் போனேன். அத்தாயியிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டாள். அவளுக்கு இன்னும் பயம் போகவில்லை. எனக்கு மட்டும் போய்விட்டதா என்ன? ஆனாலும் பாறை மேல் ஏறினேன்.

உங்களால் வராததை நான் கூப்பிட்டுவிடலாம் என்றுதான் போனேன். அன்றைக்கே செய்திருக்க வேண்டியது. பிறந்ததிலிருந்து காட்டுக்குள் ஒரு பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பலா மரத்தைப் பார்த்து நின்றுகொண்டு, “மணிவண்ணன் சார்” என்று கூப்பிட்டேன். முதல் தடவை எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை அக்கா. இங்கே இருக்கிறோம் சார், இந்தப் பக்கம் வாங்க சார், ஓடையில் இறங்காதீங்க சார் என்று அன்றைக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். காடு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளும் என்றால் வைத்துக்கொள்ளட்டும். ஆளை வைத்துக்கொண்டு பெயர் தெரியாமல் இருக்கிறதே என்று தோன்றியது.

எதிர்ச்சரிவில் மிளகுத் தோட்டத்திலிருந்து கூவல் வந்தது. நீளமாக இரண்டு, குட்டையாக ஒன்று. ஒரு நிமிஷம் எனக்கு உயிரே இல்லை. அப்புறம்தான் குப்புசாமி என்று தெரிந்தது. என் குரலைக் கேட்டுவிட்டு, யாரோ தொலைந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடை தாண்டி ஓடி வந்திருக்கிறான். மூச்சு இரைக்க மேலே ஏறி வந்து, “யாரு மாமா? யாரக் காணோம்?” என்று கேட்டான்.

“மணிவண்ணன் சார” என்றேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. என் வாயைப் பொத்தவும் இல்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றான். பிறகு கையைக் குவிக்காமல், வாயைத் திறந்து, அவனும் கூப்பிட்டான்.

வேல்முருகன்